பத்தொன்பது கத்தியும் ஒரு சாக்கும்

"எந்திரிம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் எழுந்திருக்கவில்லை.

அவர் தெற்கத்திக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. அது புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பூட்ஸில் ஒரு புளிய இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். மனசு அப்படித்தான். பெரிய பயம் வந்தால் சின்னச் சாமானைப் பிடித்துக்கொள்ளும்.

உச்சி வெயில். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அடிமரத்தில் வெட்டுப்பட்ட இடம் இன்னும் ஈரம் காயவில்லை. பச்சைப் புளியங்காயை நசுக்கின மாதிரி ஒரு வாசனை. மரத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் டிராக்டர் பெட்டி. அதன் நிழலில் கரும்பு வெட்டுகிற பெண்கள் பதினெட்டுப் பேர். அவர்களுக்கு மேஸ்திரி நான். நான் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராக மரத்தைச் சாய்த்து ரோட்டை மறித்த காலம் அது. வருஷத்தைக் கேட்காதீர்கள். மழை வருவது போலப் போக்குக் காட்டிவிட்டு, கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட மாதம். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மண்டபத்தில் போட்ட சால்வை

இந்த வாரப் பத்தியில் இந்தக் கதையை எழுத நினைத்தவளே இல்லை நான். போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மகளிர் குழுத் தலைவிகளுக்குப் பயிற்சியாம். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒரு பேனர். 'நெருக்கடியிலும் நிதானம்' என்று எழுதியிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுப் படித்து முடிப்பதற்குள் சால்வை போட்டுவிட்டார்கள்.

பேச வந்தவர் சேகர். இப்போது தலை முழுக்க நரை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் காலத்தில் மரம் சாய்த்த பிள்ளைகளுக்குத் தலைவர் அவர்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டி, போலீஸ் தடியோடு எதிரில் நின்றபோதும் அஞ்சலை அத்தை இமைகூடக் கொட்டவில்லை என்றார். இன்ஸ்பெக்டருக்கு எழுந்திருக்காத பெண் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருத்தர்தான் என்றார். நம்ம மலை மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று முடித்தார்.

மலையைத் தூரத்தில் இருந்து பார்த்தவர் சொல்லுகிற பேச்சு அது. கல்வராயன் மலைமேல் ஏறினவர்களுக்குத் தெரியும், உள்ளே எத்தனை ஓடை சலசலத்துக்கொண்டிருக்கிறது, எத்தனை பாறை எப்போது உருளலாம் என்று ஒண்டிக்கொண்டிருக்கிறது என்று.

பயிற்சி கொடுக்க வந்த பெண் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, அந்த நிதானத்தின் ரகசியம் என்ன அம்மா என்று கேட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் டிபன் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அடை

முதலில் சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரும்பு வெட்டுகிறவள் கையில் கத்தி இருக்கும். வெயில் ஏற ஏறக் கோபமும் இருக்கும். நீ என் கரும்புச் சாலுக்குள் வந்துவிட்டாய், உன் கட்டு சின்னதாக இருக்கிறது என்று ஆரம்பிக்கும். ஒருத்தி அடுத்தவளின் மாமியாரைப் பற்றிச் சொல்லுவாள். மாமியாரை ஆயுசுக்கும் திட்டினவள்கூட, அடுத்தவள் வாயில் அந்தப் பேர் வந்தால் விட மாட்டாள். நான் மேஸ்திரி ஆன முதல் பட்டத்தில் அப்படி ஒரு சண்டையில் ஒருத்திக்குச் சுண்டுவிரல் போனது. கை ஓங்கினது அடிக்கத்தான். கையில் கத்தி இருந்தது அவளுக்கு ஞாபகமில்லை.

அன்றைக்கே ஒரு கட்டளை போட்டேன். கையில் கரும்பு இல்லாத நேரத்தில் கையில் கத்தியும் இருக்கக் கூடாது. கஞ்சி குடிக்க உட்கார்ந்தாலும், வண்டி ஏறினாலும், கத்தியைச் சோகையில் சுருட்டிச் சாக்கில் போட வேண்டும். சோகை என்பது கரும்பின் காய்ந்த இலை. சுருட்டாமல் போட்டால் வாய் மழுங்கும், ஆளையும் குத்தும். சாக்கு மேஸ்திரியின் பொறுப்பு. சாக்கை வைத்துவிட்டு எங்கேயாவது போனால் எவளாவது கோபத்தில் எடுத்துவிடுவாள். அதனால் நான் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளுவேன்.

மற்ற மேஸ்திரிகளுக்கு இது பெரிய சிரிப்பு. அவர்களைவிட எங்கள் பெண்களுக்குத்தான் அதிகச் சிரிப்பு. அதிலும் பொன்னி இருக்கிறாளே, அவளுக்கு வாய் நிற்காது. நான் சாக்கில் உட்கார்ந்தால் போதும், ஒவ்வொரு நாளும் தவறாமல் கேட்பாள்.

"இன்னாக்கா, அடை உக்காந்துட்டியா? குஞ்சு எப்போ பொரிக்கும்?"

பொன்னி கெட்டிக்காரி. கரும்பை அடியோடு ஒட்ட வெட்டுவாள், கட்டை விடவே மாட்டாள். கோபமும் அதே மாதிரிதான், ஒட்ட வெட்டும். அந்த வருஷம் அவளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது எனக்கும் அவளுக்கும் பேச்சு. குழந்தை வேறு பால் குடிக்காது. சங்கில் கொடுத்தால் துப்பிவிடும். அவளுக்கும் நேரம் தப்பினால் மார் கட்டிக்கொள்ளும், ஜாக்கெட்டுக்குள் துண்டை மடித்து வைத்துக்கொண்டு வேலை செய்வாள்.

வழியில் நின்ற பெட்டி

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரம். அன்றைக்கு வெட்டு சங்கராபுரம் பக்கம். கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வேண்டியது. காலையில் பாதி வயல் வெட்டியிருப்போம். சைக்கிளில் போன ஒருவர் வரப்போரம் நிறுத்தி, ரோடெல்லாம் மறிக்கிறார்கள், கரும்பு வண்டி எங்கேயும் போகாது, சீக்கிரம் வீடு போய்ச் சேருங்கள் என்றார். வெட்டின கரும்பை வயலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். விட்ட கரும்பு காயக் காய எடை குறையும். அதற்காக இரண்டு பெண்கள் அழுதார்கள். கரும்பு அவர்களுடையது இல்லை. ஆனாலும் வெட்டின கைக்கு வருத்தம் இருக்கும்.

கிளம்புகிற அவசரத்தில் பொன்னி கத்தியை அப்படியே சாக்கில் வீசினாள். சோகையில் சுருட்டவில்லை. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேடையில் எனக்குச் சால்வை கிடைத்திருக்காது.

பாதி வழியில் டிராக்டர் நின்றது. எதிரே மரம், மரத்தின் மேல் சேகரும் பத்துப் பதினைந்து பிள்ளைகளும். எல்லாம் தெரிந்த முகங்கள். சேகருடைய அப்பா வயலில் வருஷா வருஷம் நாங்கள்தான் வெட்டுவோம்.

எல்லோரும் இறங்கினோம். நான் சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவுடனே சுருக்கென்றது. தொடையில் ஏதோ ஒன்று. எழுந்து சரிபண்ணலாம் என்று ஒரு கையை ஊன்றினேன். அதற்குள் சேகர் எதிரில் வந்து நின்றார். அப்போது அவர் எனக்கு 'அவர்' இல்லை. அவன்தான்.

"அத்த, நல்ல நேரத்துல வந்தீங்க. கத்தியெல்லாம் எங்க? அந்த ஓரத்துல கொஞ்சம் சந்து வுட்டுப்போச்சு, சைக்கிளு போய்க்கினே கீது. வேலங்கிளைய வெட்டிப் போட்டு அடைக்கணும்."

அவர்கள் கையில் ஒரே ஒரு கோடாலி. அதுவும் மழுங்கல். ஒரு மரத்தைச் சாய்ப்பதற்குள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பாவமாகத்தான் இருந்தது. படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பிள்ளைகள். கேட்டதிலும் நியாயம் இருந்தது. என் மகனும் பத்தாவது முடித்துவிட்டு மாடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கத்தி அவரவர் கத்தி. ஒவ்வொரு பிடியிலும் ஒவ்வொரு கலர்த் துணி சுற்றியிருக்கும். இன்னார் கத்தி இது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதை ரோட்டில் விட்டு எவனாவது ஓடினால், பிடிபடுவது அவனா, துணி சுற்றினவளா?

கத்தியெல்லாம் பட்டறைக்குச் சாணை பிடிக்கப் போயிருக்கிறது என்றேன். பதினெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சேகர் நம்பிவிட்டான். நம்பினதோடு நிற்கவில்லை. பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தான். எங்கள் கூட்டத்தில் ஊர்த்தெருக்காரிகளும் உண்டு, காலனிக்காரிகளும் உண்டு, மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மூன்று பேரும் உண்டு. நான் ஊர்த்தெரு. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இதுல நம்ம ஆளுங்க எத்தினி பேரு, அத்த?"

"பத்தொம்போது பேரும் நம்ம ஆளுங்கதான்."

அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அத்தை முறை, என்ன செய்வான்? மறுபடியும் மரத்தின் மேல் ஏறிக்கொண்டான்.

பதினெட்டுப் பேர் பார்த்த பார்வை

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. வேன் நிற்பதற்குள் பிள்ளைகள் சோளக்கொல்லைக்குள் புகுந்துவிட்டார்கள். எங்கள் டிரைவரும் புகுந்துவிட்டான். அவனுக்கும் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஓடினான், டிராக்டர் சாவியோடு.

மிஞ்சினது வெட்டுப்பட்ட மரமும் பத்தொன்பது பெண்களும். கையெல்லாம் சோகை கிழித்த கீறல், சீலையெல்லாம் கரும்புப் பால் கறை. இன்ஸ்பெக்டர் மரத்தையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். அவருக்குக் கணக்கு சரியாக இருந்தது.

அந்த நாட்களில் ரோட்டோரம் கத்தியோடு அகப்பட்டால் கேள்வியே கிடையாது. வேனில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விடுவார்கள். ஆளைத் தேடி ஊர்க்காரர்கள் ஜெயில் ஜெயிலாக அலைவார்கள். பொன்னியின் ஜாக்கெட் முன்பக்கம் நனைந்து, மேலே போட்டிருந்த துண்டும் நனைந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மதியம் தாண்டிவிட்டது.

"இதுல தலைவி யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பதினெட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் என் பேச்சை ஒருத்தியும் முழுசாகக் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரே சமயத்தில் பதினெட்டுக் கழுத்தும் திரும்பியது. அந்தப் பார்வைக்குத்தான் மண்டபத்தில் தலைமைப் பண்பு என்று பேர் வைத்தார்கள்.

மரத்தை வெட்டினது யார் என்றார். ஓடிவிட்டார்கள் என்றேன். இதில் அவனுங்க ஆளுங்க எத்தனை பேர் என்றார். காலையிலிருந்து எல்லோருக்கும் இதே கேள்விதான். யாரும் இல்லை, எல்லாம் என் ஆளுங்க என்றேன். கத்தி எங்கே என்றார். சேகருக்குச் சொன்ன பொய்யையே எடுத்து இவருக்கும் கொடுத்தேன். பட்டறையில் இருக்கிறது என்றேன். புதுசாகப் பொய் யோசிக்க என்னிடம் தெம்பு இல்லை.

அப்போதுதான் "எந்திரிம்மா" என்றார்.

எழுந்தால் சாக்கு தெரியும். அசைந்தால் இரும்பும் இரும்பும் உரசிச் சத்தம் கேட்கும். அசையாமல் இருந்தால் ஒரு முனை கொஞ்சம் கொஞ்சமாகத் தொடைக்குள் இறங்குகிறது. சேகர் சோளக்கொல்லைக்குள்ளிருந்து பார்த்த நிதானம் இதுதான். மூச்சைக்கூட மேலோட்டமாகத்தான் விட்டேன். பயம்தான் என்னை அப்படி உட்கார வைத்தது, அதையும் எழுதிவிடுகிறேன். வயசாகிவிட்டது, இனி எனக்கென்ன வெட்கம்.

அந்த நேரம் பொன்னி வாயைத் திறந்தாள். பச்சைப் புள்ளை வீட்டில் கத்திக்கொண்டிருக்கும், எங்களை எதற்கு நிற்க வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, ஓடினவனைப் பிடிக்கத் துப்பில்லாமல் என்று அடுத்த வார்த்தைக்குப் போனாள். ஒரு போலீஸ்காரர் தடியை மாற்றிப் பிடித்தார். நான் பொன்னியை மட்டும் பார்த்தேன். அதட்டவில்லை, கூப்பிடவில்லை. அதட்டக் குரல் எடுத்தால் உடம்பு அசையும். அதனால்தான் வெறுமனே பார்த்தேன். இதுவரைக்கும் நான் கத்தினபோதெல்லாம் அடங்காதவள், நான் கத்தாமல் பார்த்ததும் பயந்துபோய் அடங்கிவிட்டாள்.

"என்ன, காலு வராதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முட்டி புடிச்சிக்கிச்சி சார். கொஞ்சம் டைம் குடுங்க."

பட்டறைக்குப் போகிற வழி

அவருக்கும் நிம்மதி இல்லை. வேனில் இருந்த வயர்லெஸ் கரகரவென்று பேசியது. பெரிய அதிகாரி ஒருவருடைய ஜீப் சங்கராபுரத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டதாம், வழி திறந்திருக்க வேண்டுமாம். போலீஸ்காரர்கள் ஓடிப்போய்க் கிளையைப் பிடித்து இழுத்தார்கள். தடியால் நெம்பினார்கள். புளியங்கிளை வளையும், விடாது. ஒருவர் சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஒரு அருவாகூட இல்லாம வந்துட்டோமேய்யா."

இந்த இடத்தில்தான் நான் யோசித்தேன். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் யோசனை இல்லை, வெறும் குத்தல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழியை அடைக்கக் கத்தி வேண்டும். இந்தப் பக்கத்து அதிகாரிக்கு வழியைத் திறக்கக் கத்தி வேண்டும். இரண்டு பக்கமும் தேடுகிற பொருள் என் சீலைக்கு அடியில் இருக்கிறது. பொன்னிக்கு மட்டும் எந்தக் கத்தியும் வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும்.

"கத்தி இருந்தா இன்னா சார் பண்ணுவீங்க?"

"கிளையக் கழிச்சு ஜீப்பு போக வழி விடுவேன். எதுக்குக் கேக்குற?"

"நாங்க கழிச்சிக் குடுத்தா எங்கள வூட்டுக்கு வுடுவீங்களா?"

"விட்டுருவேன்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். உங்க ஆளுங்க காதுலயும் வுழணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பி, வழி திறந்ததும் இந்தப் பொம்பளைகளை விட்டுரணும் என்று சத்தமாகச் சொன்னார்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கும் அந்தக் கத்திக்கும்தான் தெரியும். சாக்கின் வாயைப் பிரித்துக் கவிழ்த்தேன். பத்தொன்பது கத்தியும் தார் ரோட்டில் கலகலவென்று விழுந்தன. பதினெட்டு சோகைச் சுருளுக்குள் இருந்தன. ஒன்று மட்டும் வெறும் கத்தி.

"பட்டறையில இருக்குன்னு சொன்ன?"

"பட்டறைக்குப் போற வழிதான் சார் இது."

சிரித்தாரா கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. புளியமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, நேரமாகுது என்றார்.

கரும்பு வெட்டுகிற மாதிரியே வரிசை கட்டினோம். ஜோடிக்கு ஒருத்தி கிளையை வளைத்துப் பிடித்தாள், ஒருத்தி வெட்டினாள். கரும்பு வெட்டுகிற கத்திக்குப் புளியங்கிளை ஜாஸ்தி. ஒவ்வொரு வெட்டுக்கும் தோள் வரைக்கும் அதிர்ந்தது. வாய் போன கத்திகளை மறுநாள் நிஜமாகவே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்தப் பொய் ஒரு நாள் முந்திப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜீப் போகிற அளவுக்கு வழி வந்தது. ஜீப்பும் வந்தது, போனது. உள்ளே இருந்த பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மரத்தையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் வாக்கு மாறவில்லை. அதை எங்கேயும் சொல்லுவேன்.

சேகருக்கு இந்தப் பின்பாதி தெரியாது. நான் எழுந்திருக்காமல் இருந்ததைப் பார்த்தவரைக்கும் பார்த்துவிட்டு, எல்லோரையும் வேனில் ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்துக் கொல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான். கிளை கழித்தது ரோட்டு ஆட்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். வழியை அடைத்தவர் புகழ, சால்வை வாங்கினது வழியைத் திறந்த நான். மண்டபத்தில் நான் அதைப் பற்றி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்தானே.

நின்றுகொண்டே

டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். ரோடு வேண்டாம் என்று வரப்பு வழியாகவே போனோம். பொன்னி முதலில் எங்களோடு நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். மார்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கத்தியைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடினாள். பிடியில் பச்சைத் துணி சுற்றின கத்தி. முனையில் காய்ந்திருந்தது மரத்துச் சாறு இல்லை என்று நடக்கும்போதுதான் பார்த்தேன்.

பொழுது சாய நான் அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், இப்போது அவள் மடியில் முகம் தெரியாமல் புதைந்து குடித்துக்கொண்டிருந்தது. விக்கி விக்கிக் குடித்தது. பொன்னி தலை நிமிரவில்லை. காலால் ஒரு பாயை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருக்கா."

"நிக்கிறன்டி."

"உக்காருன்றேன் இல்ல."

நான் கத்தியை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் முனையைப் பார்த்தாள். என் சீலையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். 

"இன்ஸ்பெக்டருக்கு எயுந்திருக்காதவ," என்றாள், "எனக்கு நிக்கிறியேக்கா."

சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. மடி குலுங்கினதில் குழந்தைக்கு வாய் நழுவி, அது ஒரு கத்து கத்தியது. அவசர அவசரமாக அடுத்த பக்கம் மாற்றினாள்.

எட்டு நாள் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். மறுபடி வேலைக்குப் போன அன்று, கஞ்சி நேரத்தில் சாக்கைப் பிரித்துப் பிடித்தேன். முதலில் வந்தவள் பொன்னி. கத்தியில் சோகை மூன்று சுற்று சுற்றியிருந்தாள், நாரால் முடிச்சும் போட்டிருந்தாள். அன்றைக்கு அவள் அடையைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உட்காருகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.